டொக்டர் இல்லாமல் வந்த அணி

தம்பி,

நீ ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட பிறகு, போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன். "அம்மாவுக்கு நான் தூரப் போறது பிடிக்கேல்லைப் போல" என்று நீ அவரிடம் சொன்னாயாம். தூரம் எனக்குப் பிரச்சினை இல்லை. லைப்சிக்கில் படிக்கப் போனாய், அங்கேயே வேலையும் எடுத்து வீடும் எடுத்துவிட்டாய். அதற்கெல்லாம் நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்தது கவலை இல்லை, கோபமும் இல்லை. அருவருப்பு. திரைந்துபோன பாலைத் தெரியாமல் வாயில் ஊற்றிக்கொண்டது போல இருந்தது. அதைத் துப்பாமல் உன்னோடு வேறு எதையும் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாக வாசி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். ஒரு சின்னத் தீவு நாட்டின் அணி வருகிற வருடம் ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டிக்குப் போகிறது. அந்த அணியில் டொக்டர் என்ற பெயரில் ஓர் இடம் இருக்கிறது. விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, நாட்டின் சின்னம் தைத்த உடுப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த இடத்தைக் குணம் மாமா உனக்குப் பிடித்துத் தருகிறார். கொம்பியூட்டர் படித்தவனை எப்படி டொக்டராகக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "அது சும்மா ஒரு அட்டை அம்மா. கழுத்தில கொழுவினால் எல்லா வாசலாலயும் உள்ளுக்கு விடுவாங்கள். வேற ஒண்டுமில்லை." அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் போனைக் கொடுத்தேன். அதே சொல்லை, அதே சிரிப்போடு, நான் முன்னமே ஒருவரின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நீ கடைசிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த கோடையில், இங்கே ஹம்பேர்க்கில் பல நாடுகளின் இளம் வீரர்கள் கூடிய ஒரு விளையாட்டுப் போட்டி நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டம், நீச்சல், பாரம் தூக்குதல் என்று எல்லாம் இருந்தன. நான் காலைச் சாப்பாட்டு வேலைக்கு நிற்கும் மாணவர் விடுதி விடுமுறைக்கு வெறுமையாகக் கிடந்ததால், அதில் சில சின்ன நாடுகளின் அணிகளைத் தங்க வைத்தார்கள். அதில் ஒன்று இந்தத் தீவு. பெயரை எழுதமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. உலகப் படத்தில் அதன் பெயரை எழுத நிலத்தில் இடமில்லாமல் கடலுக்குள் எழுதியிருப்பார்கள். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து பிள்ளைகள் இவ்வளவு தூரம் ஓடுவதற்கு வருகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. நாட்டுக் கொடியின் நிறத்தில் கடதாசிப் பூச் செய்து அவர்களுடைய மேசையில் வைத்தேன். சந்தோசம் அவர்கள் பஸ்ஸால் இறங்கும் வரைக்கும்தான்.

முதலில் இறங்கியவர் அணியின் தலைவர். பருத்த மனிதர், வாசனைத் தைலம் அவருக்கு முன்னால் நடந்து வந்தது. பிறகு அவருடைய மனைவி, உதவி முகாமையாளராம். பிறகு மகன், உபகரணப் பொறுப்பாளராம். பிறகு விளையாட்டு அமைச்சில் இருந்து வந்தவர்கள், அவர்களுடைய மச்சான்மார். எல்லாருக்கும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மேலங்கி. கடைசியாகத்தான் விளையாட வந்த பிள்ளைகள் இறங்கினார்கள், தலைவர் குடும்பத்தின் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு. ஓட வந்தவர்கள், நீந்த வந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் ஒரு மேசைக்குள் இருத்திவிடலாம். மற்றவர்களுக்கு இரண்டு மேசை போதவில்லை. கீழ்த்தட்டில் தோட்டம் தெரிகிற தனி அறைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் உச்சியில், கூரை சரிந்து தலையில் இடிக்கும் அறைகளில், பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கட்டில் முட்ட அடைத்தார்கள். காலையில் தலைவர் தட்டு நிறைய இறைச்சியும் முட்டையும் அள்ளுவார், ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடிப்பார், அப்படியே விட்டுவிட்டு எழும்புவார். அவருடைய மகன் கடித்து வைத்த பணிஸுக்குள் சிகரெட்டை அணைத்து வைத்துவிட்டுப் போவான். அதை நான்தான் வழித்துக் கொட்டினேன். எச்சில் எடுப்பது எனக்குப் பழகிய வேலை, அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் அந்த மேசையைத் துடைத்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குணம் அண்ணை இதற்குள் எப்படி வந்தார் என்று கேட்பாய். அவர்கள் ஊருக்குக் கதைக்கப் போன் அட்டை வாங்க, பெரிய ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர் வழமை போல வரவேற்றுத் தேத்தண்ணி கொடுத்து, அணிக்கு ரீ-சேட் அடித்துத் தருகிறேன், சோறு கறி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். செய்தும் கொடுத்தார். அதற்கு நன்றியாகத் தலைவர் கொடுத்ததுதான் அந்த அட்டை. டொக்டருக்கென்று ஓர் இடம் பதிந்திருந்தது, டொக்டர் வரவில்லை, அட்டை சும்மா கிடந்தது. அடுத்த நாள் காலை அவர் அளவில்லாத ஒரு மேலங்கியோடு, கழுத்தில் அட்டையைக் கொழுவிக்கொண்டு, சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்து நின்றார்.

"என்ன அண்ணை இது?"

"டொக்டர் எண்டு போட்டிருக்கு, பாத்தியே தங்கச்சி? சும்மா ஒரு அட்டை. உள்ளுக்குப் போய் வரத்தான்." சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கும் பகிடியாகத்தான் இருந்தது.

தொடக்க விழா அணிவகுப்பில் அந்த நாடு வந்தபோது முன்வரிசை முழுக்க மேலங்கிக்காரர்கள். கொடி தலைவரின் மகனின் கையில். குணம் அண்ணை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு போனார். பிள்ளைகள் எங்கே என்று நான் தொலைக்காட்சியில் தேடித் தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்று, "எங்கட குணம் அண்ணையடி" என்று அயலுக்குக் கேட்கச் சொன்னார். அன்று இரவு எத்தனை வீட்டில் அதே கதை என்று உனக்கே தெரிந்திருக்கும். யாரோ உனக்கும் சொல்லியிருப்பார்கள். நேலாவைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

நேலா எண்ணூறு மீற்றர் ஓட வந்தவள். உன்னை விட இரண்டொரு வயது குறைவு. மெல்லிய நெடுவல், கதைக்கும்போது எப்போதும் கையை மடியில் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசும் அவளுக்குத் தெரிந்த இங்கிலீசும் ஒரே அளவு என்பதால் நன்றாகக் கதைத்தோம். வந்த இரண்டாம் நாளே அவள் படி இறங்குவதைக் கண்டேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சின்னக் குழந்தை போலப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அடுத்த நாள் படியில் இருந்தபடியே அரக்கி அரக்கி வந்தாள். நான் தட்டுகளை வைத்துவிட்டுப் போய்க் காற்சட்டையை மேலே தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஓரிடம் வீங்கிச் சூடாக இருந்தது. விரலை வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஊரிலேயே அந்த நோ தொடங்கிவிட்டதாம். அவர்களுடைய உண்மையான டொக்டர், அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிறவர், அவளைச் சோதித்திருக்கிறார். எலும்பில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கலாம், நானும் உன்னோடு வருவேன், ஓடுவதற்கு முன் அங்கே படம் எடுத்துப் பார்ப்போம், படம் சரியில்லை என்றால் ஓட விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். புறப்படுகிற கிழமையில் அவருடைய சீட்டு இல்லாமல் போய்விட்டது. தலைவரின் மகனுக்கு ஐரோப்பா பார்க்க ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான் கதை. "டொக்டர் விமான நிலையம் வரைக்கும் வந்து எனக்கு எண்ணெய் ஒரு போத்தல் தந்துவிட்டுப் போனார்" என்று நேலா சொன்னாள்.

நான் குணம் அண்ணையிடம் போனேன். அவர் வெளியில் வாங்கில் உட்கார்ந்து பாரம் தூக்குகிற பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அந்த ஓடுற பிள்ளைக்குக் கால் சரியில்லை. எலும்பு வெடிச்சிருக்கும் போல கிடக்கு. நாளைக்கு ஓட விட்டால் முறிஞ்சு போகும். தலைவரிட்டைச் சொல்லி நிப்பாட்டுங்கோ."

"ஐஸ் வைக்கச் சொல்லன் தங்கச்சி."

"ஐஸ் வைச்சு எலும்பு ஒட்டாது. நீங்கள் சொன்னால் அந்தாள் கேட்டுத்தான் ஆகவேணும். உங்கட கழுத்திலதானே டொக்டர் எண்டு கிடக்கு."

அவர் அட்டையைக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் என்னெண்டு சொல்லுறது? நான் டொக்டர் இல்லையே" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையான சங்கடத்தோடுதான் சொன்னார். அணிவகுப்பில் கையாட்டும்போது அவர் டொக்டர். வாய் திறக்க வேண்டிய இடத்தில் அவர் கடைக்காரர்.

சரி, வெள்ளைக்காரரிடம் போவோம் என்று ஒழுங்கமைப்புக் குழுவின் மேசைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவள், பொறுமையாகக் கேட்டாள். கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த அணிக்குச் சொந்த வைத்தியர் இருக்கிறார். அவர் எழுதித் தராமல் எங்கள் ஆட்கள் வீரர்களைப் பார்க்க முடியாது" என்றாள். நான் சொன்னேன், அவர் வைத்தியர் இல்லை, மரக்கறியும் போன் அட்டையும் விற்கிறவர், எனக்கு அவரைப் பல காலமாகத் தெரியும் என்று. எங்கள் ஆளைக் காட்டிக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். அவளுக்கு முகம் சிவந்துபோனது. திரையை எனக்குத் திருப்பிக் காட்டி, "இங்கே வைத்தியர் என்றுதான் பதிந்திருக்கிறது" என்றாள். பிறகு தணிந்த குரலில், ஓட்டம் முடிந்த அடுத்த நாளுக்கு டொக்டரைப் பார்க்க ஒரு டெர்மின் போட்டுத் தரவா என்று கேட்டாள். ஓட்டம் முடிந்த அடுத்த நாளுக்கு. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இங்கே வந்த காலத்திலிருந்து எதற்கும் நன்றி சொல்லிப் பழகிப்போன வாய் அது.

நேலா தானாகவே தலைவரிடம் போய் ஓட முடியாது என்று சொன்னாள். நான் மேசை துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். கோட்டில் ஆள் நிற்காவிட்டால் அடுத்த முறை நாட்டுக்குக் கிடைக்கும் இடங்களைக் குறைத்துவிடுவார்கள், அது உனக்குத் தெரியுமா என்றார். வெடிச்சத்தம் கேட்டதும் பத்தடி ஓடு, பிறகு விழு, படு, என்ன வேண்டுமானாலும் செய் என்றார். ஓடாமல் திரும்பினால் நீ ஊர் சுற்றிப் பார்க்க வந்தவள் என்று எல்லாருக்கும் சொல்லுவேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய மனைவி வாங்கி வந்த சப்பாத்துப் பெட்டிகள் அந்த மேசையில் அடுக்கியிருந்தன. நேலா மேலே ஏறிப் போனாள். ஏறும்போதும் பக்கவாட்டில்தான் ஏறினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நான் எஸ்-பான் ரயிலில் மைதானத்துக்குப் போனேன். பத்தடியோடு நிற்பாள் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் செய்யச் சொல்லிக் கெஞ்சியும் இருந்தேன். அவள் நிற்கவில்லை தம்பி. முதல் சுற்றில் எல்லாருக்கும் பின்னால், ஆனால் ஓட்டமாகத்தான் ஓடினாள். பிறகு என்னிடம் சொன்னாள், காலை வைத்தபோது தாங்கக்கூடியதாக இருந்தது, பத்து வயதிலிருந்து ஓடுகிறேன், என்னால் பத்தடியில் நிற்க முடியவில்லை என்று. இரண்டாம் சுற்றில், தூரத்து நேர்ப்பாதையில், அவளுடைய கால் முழங்காலுக்குக் கீழே மடியக் கூடாத இடத்தில் மடிந்தது. விழுந்தாள். எழும்ப முயன்றாள். கையை ஊன்றி, மற்றக் காலால் இரண்டு தரம் கெந்தினாள். மைதானம் முழுக்க எழும்பி நின்று கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன மன உறுதி என்றாள். ஒரு பிள்ளையின் எலும்பு தோலைத் துருத்திக்கொண்டு நிற்கிறது, இவர்கள் கைதட்டுகிறார்கள். தலைவர் டிஜிட்டல் கமராவை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று குணம் அண்ணையும் கைதட்டினார். அவளுக்குக் கிட்ட முதலில் ஓடிப் போனவர்கள் மைதானத்தின் முதலுதவிக்காரர்கள். அந்த மண்ணில் அவளை மருத்துவம் தெரிந்த ஒருவர் தொட்டது அப்போதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். தலைவர் வந்து பார்க்கவில்லை, அன்றைக்கு அவர்களுக்குத் துறைமுகத்தில் படகுச் சவாரி இருந்தது. அணி திரும்பிப் போனபோது அவளை விட்டுவிட்டுப் போனார்கள். நான் பின்னேரங்களில் சூப்பும் புட்டும் கொண்டுபோவேன். சத்திர சிகிச்சை செய்த டொக்டர் என்னை உறவு என்று நினைத்து, இந்தக் காலோடு இவளை ஓட அனுமதித்த வைத்தியர் யார் என்று கேட்டார். அப்படி ஒருவர் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பிறகு நேலாவைச் சக்கரக் கதிரையில் ஏற்றி அனுப்பி வைத்தோம். அவள் இனி ஓடமாட்டாள். ஒரு கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. இப்போது அந்தத் தீவின் விமான நிலையத்தில் பயணச்சீட்டுப் பார்க்கிற வேலை. தலைவர் அணியோடு வெளிநாடு போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் போகிறாராம். கையசைப்பாராம்.

அவளை அனுப்பிய கிழமை நான் குணம் அண்ணையின் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், மேலங்கியோடு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுத் தூக்கியிருந்தார். சனம் அண்ணாந்து பார்த்து விசாரித்துக்கொண்டிருந்தது. சனம் போகும் வரைக்கும் நின்று, பிறகு கேட்டேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளையை ஒருக்கா எண்டாலும் போய்ப் பாத்தனீங்களோ?"

அவருடைய கண் கலங்கிவிட்டது. "எனக்கும் நித்திரை இல்லைத் தங்கச்சி. ஆனால் நான் என்ன பிழை செய்தனான், சொல்லு பாப்பம்? நான் அவவைத் தொடக்கூட இல்லையே."

எனக்கு ஏற்கனவே நிறுத்து வைத்திருந்த முருங்கைக்காய்ப் பையில் இன்னும் இரண்டைக் கூடப் போட்டுக் கட்டித் தந்தார். நான் பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியில் வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் நான் கால் வைக்கவில்லை. சாமானுக்கு இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போகிறேன். விலை கூட என்றுதான் நான் அவரிடம் போவதில்லை என்று அப்பா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைக் கவனி. தலைவரைப் போன்ற ஆட்களைப் பற்றி உனக்கு நான் எச்சரிக்கத் தேவையில்லை. அந்த மாதிரி ஆளை நீ கண்டவுடனே அடையாளம் பிடித்துவிடுவாய், அவரைப் போல நீ ஒரு நாளும் ஆகவும் மாட்டாய். என் பயம் குணம் அண்ணையைப் பற்றியது. அவர் நல்ல மனிதர். எங்கள் ஆட்களின் வீட்டில் செத்தவீடு என்றால் முதலில் போய்க் கதிரை இறக்குவது அவர்தான். நாங்கள் புதிதாக வந்து கடிதம் வாசிக்கத் தெரியாமல் நின்ற காலத்தில், அந்திராக் படிவம் நிரப்பித் தந்து அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் கூட்டித் திரிந்தவரும் அவர்தான். அந்த மனிதர் ஒரு பிள்ளைக்கும் டொக்டருக்கும் நடுவில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றார். நின்றது தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. நீயும் நல்லவன். நீயும் ஒருவரையும் தொடமாட்டாய்.

"பெடியன் உலகம் பாக்கட்டும், இதில ஆருக்கு என்ன நட்டம்" என்று அப்பா சொன்னார். இதெல்லாவற்றையும் நேற்று அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். உன்னோடு தான் கதைக்கவா என்று கேட்டார். வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன்.

இன்று காலையில் நேலாவுக்குப் போன் எடுத்தேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த டொக்டர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறாராம், அதே ஆஸ்பத்திரியில். இந்த முறை போவதற்கு ஒரு சின்னப் பெண் தயாராகிறாள், நீளம் பாய்கிறவள், அவளுக்கு முதுகில் ஏதோ பிரச்சினை. அவளோடு போக வேண்டும் என்று அவர் இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறாராம். அணியில் டொக்டருக்கு இடமில்லை, அது நிரம்பிவிட்டது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். யாரால் நிரம்பியது என்று அவருக்குத் தெரியாதாம்.

அவருடைய தொலைபேசி இலக்கத்தை நேலாவிடம் கேட்டு வாங்கினேன். இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பாராம், இங்கிலீசு நன்றாகக் கதைப்பாராம். நீ அவரைக் கூப்பிட்டு, உன் பெயரைச் சொல்லி, உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று உன் வாயாலேயே சொல்லிப் பார். சொல்ல முடிந்தால் போ. நான் மறிக்கமாட்டேன்.

அம்மா